ஹலால் முத்திரையும் பச்சை வட்டமும் சொல்லாத ஒன்று: பாலூட்டி ஒவ்வாமை உள்ளவரின் இனிப்பு

வாசகர் கேள்வி: கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். என் காக்கா (அண்ணன்) ஆஸ்திரேலியாவில், சிட்னி பக்கம் தோட்ட வேலையில் இருந்தவர். அங்கே உண்ணி கடித்த பிறகு, ஆட்டுக்கறியோ மாட்டுக்கறியோ சாப்பிட்ட இரவுகளில் உடம்பெல்லாம் தடித்துப்போகும். ஒருமுறை மூச்சுத் திணறி மருத்துவமனையில் சேர்த்தார்கள். இரத்தப் பரிசோதனை செய்து, பாலூட்டி விலங்கு உணவுக்கு ஒவ்வாமை என்று சொன்னார்கள். கறியை விட்டுவிட்டார். மீன், கோழி, முட்டை சாப்பிடுகிறார். பால் ஊற்றிய தேநீரும் குடிக்கிறார், ஒன்றும் செய்வதில்லை. ஊருக்கு வந்த பிறகு, மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த ஜெல்லி மிட்டாயில் ஹலால் முத்திரையைப் பார்த்துவிட்டு இரவில் ஒரு கை அள்ளிச் சாப்பிட்டார். நடுச்சாமத்தில் தடிப்பு வந்துவிட்டது. அடுத்த மாதம் என் மகளுக்கு நிக்காஹ். காக்காவுக்கு இனிப்பே கொடுக்கக் கூடாது என்று உம்மா சொல்கிறார். தொதல், வட்டலப்பம், கடல்பாசி ஆகியவற்றைக் கொடுக்கலாமா? கடையில் வாங்கும் புட்டிங், ஐஸ்கிரீம், கேக்கில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் உம்மாவின் பயம் நியாயமானது. ஆனால் இனிப்பு முழுவதையும் விலக்க வேண்டிய அவசியம் இல்லை. உங்கள் ஊர்ச் சமையலறையில் தேங்காய்ப்பால், கருப்பட்டி, அரிசி மாவு, முட்டை ஆகியவற்றைக் கொண்டு தலைமுறைகளாகச் செய்துவரும் இனிப்புகளில் பெரும்பாலானவற்றை உங்கள் காக்கா சாப்பிடலாம். கவனம் தேவைப்படுவது பெட்டியிலும் பொட்டலத்திலும் வருபவற்றுக்குத்தான். அவற்றின் மேல் நாம் நம்பிப் பார்க்கும் முத்திரைகள் எல்லாம் வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்பவை. உங்கள் குடும்பம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதில் உள்ள பொருள் பாலூட்டி விலங்கின் உடலிலிருந்து வந்ததா?

அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதை முதலில் சொல்கிறேன். ஆடு, மாடு, பன்றி, ஒட்டகம், முயல் போன்ற பாலூட்டிகளின் உடலில் ஆல்பா-கேல் எனப்படும் ஒரு சர்க்கரை மூலக்கூறு இருக்கிறது. மனிதருக்கும், மனிதக் குரங்குகளுக்கும், ஆசிய ஆப்பிரிக்கக் குரங்குகளுக்கும் அது கிடையாது. மீனிலும் பறவையிலும் கிடையாது. சில வகை உண்ணிகள் கடிக்கும்போது நம் உடல் இந்தச் சர்க்கரைக்கு எதிராக ஒவ்வாமைப் புரதத்தை உருவாக்கிக்கொள்ளக்கூடும். பிறகு கறி சாப்பிடும்போது அந்தப் புரதம் விழித்துக்கொள்கிறது. சிட்னியில் மருத்துவர் ஷெரில் வான் நுனெனும் அவருடைய குழுவினரும் உண்ணிக் கடிக்கும் கறி ஒவ்வாமைக்கும் உள்ள தொடர்பை 2009-ஆம் ஆண்டு ஆய்விதழில் எழுதினார்கள். உங்கள் காக்கா வேலை பார்த்த அதே கிழக்குக் கடற்கரைதான் அவர்கள் நோயாளிகளைக் கண்ட இடம். ஆகவே அவருக்கு வந்திருப்பது புரியாத புதிர் நோய் அன்று. நன்றாக அறியப்பட்ட ஒன்று.

இந்த ஒவ்வாமைக்கும் இறால், நிலக்கடலை போன்றவற்றின் ஒவ்வாமைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இறால் ஒத்துக்கொள்ளாதவருக்குச் சாப்பிட்ட சில நிமிடங்களிலேயே வாய் அரிக்கும், உதடு வீங்கும். ஆல்பா-கேல் ஒவ்வாமையிலோ பொதுவாக 2 முதல் 6 மணி நேரம் கழித்துத்தான் தடிப்பும் வயிற்று வலியும் வாந்தியும் தொடங்கும். இரவில் சாப்பிட்ட மிட்டாய் நடுச்சாமத்தில் வேலையைக் காட்டியதற்குக் காரணம் இதுதான். மேலும், ஒரே பொருள் ஒரு நாள் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு மறுநாள் கடுமையாகத் தாக்கக்கூடும். உடன் சாப்பிட்ட கொழுப்பின் அளவு, அன்று விழுங்கிய வலி மாத்திரை, கடுமையான உடலுழைப்பு, மது ஆகியவை தாக்குதலைக் கூட்டிவிடும். எனவே "கொஞ்சம் வாயில் போட்டுப் பாருங்கள், ஒத்துக்கொண்டால் சாப்பிடுங்கள்" என்று நம் வீடுகளில் அன்போடு சொல்லும் யோசனையை உங்கள் காக்காவிடம் யாரும் சொல்லக் கூடாது. உணவைச் சோதித்துப் பார்ப்பதாக இருந்தால் அது ஒவ்வாமை மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே நடக்க வேண்டும்.

ஹலால் முத்திரை உண்மையையே சொன்னது என்பதையும் குறிப்பிட விரும்புகிறேன். அதில் பன்றிப் பொருள் இல்லை என்பதும், விலங்கு முறைப்படி அறுக்கப்பட்டது என்பதும் அதன் பொருள். ஆனால் ஜெல்லி மிட்டாயை இழுபடச் செய்யும் ஜெலட்டின் என்பது விலங்கின் தோலையும் எலும்பையும் வேகவைத்து எடுக்கும் புரதம். பன்றியை விலக்கிச் செய்யும்போது அது பெரும்பாலும் மாட்டிலிருந்தே எடுக்கப்படுகிறது. மார்க்கத்துக்கு ஏற்றதான அந்த மாட்டு ஜெலட்டின் உங்கள் காக்காவின் உடம்புக்கு ஏற்றதன்று. ஆல்பா-கேல் ஒவ்வாமை உள்ள ஒருவருக்கு ஜெலட்டின் சேர்ந்த மிட்டாய்களாலேயே கடுமையான ஒவ்வாமை அதிர்ச்சி வந்ததை 2013-இல் ஒரு மருத்துவ ஆய்விதழ் பதிவு செய்திருக்கிறது. உங்கள் காக்காவுக்கு நேர்ந்தது மிட்டாயால்தான் என்று மருத்துவரே உறுதிசெய்ய வேண்டும். என் கணிப்பும் அதுவே. அந்தப் பெட்டியைத் தூக்கி எறியாமல், உட்பொருள் பட்டியலைப் படம் எடுத்து அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பச்சை வட்டத்துக்கும் இதே நிலைதான். இந்தியாவில் விற்கப்படும் பொட்டல உணவில், பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் இறைச்சி, மீன், முட்டை, ஜெலட்டின் எதுவும் அதில் இல்லை என்று கொள்ளலாம். அந்த அளவில் அது உங்களுக்குப் பெரிய உதவி. ஆனால் பாலும் நெய்யும் பால்பொடியும் சைவமாகவே கணக்கிடப்படுவதால் பச்சை வட்டம் அவற்றைத் தடுப்பதில்லை. பழுப்பு முக்கோணமோ அசைவம் என்று மட்டும் சொல்லும். அது முட்டையாலா, மீனாலா, மாட்டு ஜெலட்டினாலா என்று சொல்லாது. முட்டை சேர்ந்ததால் மட்டும் பழுப்பு முக்கோணம் பெற்ற கேக் அவருக்கு ஒத்துக்கொள்ளலாம். அப்படியானால் முக்கோணத்தோடு நிறுத்தாமல் பட்டியலைப் படிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து பயணப்பெட்டியில் வரும் தின்பண்டங்களில் இந்த இரண்டு குறிகளுமே இருக்கப் போவதில்லை. கீழக்கரையில் ஏறக்குறைய எல்லா வீடுகளுக்கும் அப்படிப்பட்ட பெட்டி ஒன்று வருகிறது என்பதால், நான் மிகவும் அஞ்சுவது அந்த வழியைத்தான். "ஒவ்வாமை எச்சரிக்கை" என்று தனியாக அச்சிடும் வரியும் முழுப் பாதுகாப்பு ஆகாது. நம் நாட்டு விதிப்படி அந்த வரியில் பால், முட்டை, மீன், கோதுமை, நிலக்கடலை, சோயா போன்றவை வரும். பாலூட்டி இறைச்சியோ ஜெலட்டினோ அந்தப் பட்டியலில் இல்லை.

இனி, பால். இதில் பலரும் அவசரப்பட்டு இரண்டில் ஒரு தவறைச் செய்கிறார்கள்: ஒன்று, பால் முழுவதையும் நிறுத்திவிடுகிறார்கள், அல்லது, பால் ஒத்துக்கொள்கிறது என்பதால் பாலூட்டியின் மற்ற பொருள்களும் ஒத்துக்கொள்ளும் என்று நினைத்துவிடுகிறார்கள். பாலிலும் ஆல்பா-கேல் உண்டு. ஆயினும் இந்த ஒவ்வாமை உள்ளவர்களில் பலர் பாலைத் தாங்கிக்கொள்கிறார்கள், சிலரால் முடிவதில்லை. உங்கள் காக்கா பால் தேநீரைச் சிரமமின்றிக் குடித்துவருகிறார் என்பதால், மருத்துவர் நிறுத்தச் சொல்லாதவரை நான் அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கோப்பைத் தேநீரில் உள்ள பாலும், நெய்யும் கோவாவும் பாலாடையும் நிறைந்த ஒரு தட்டு விருந்து இனிப்பும் அளவில் ஒன்றல்ல. கொழுப்பு மிகுந்த பால் பொருள்களில் ஒவ்வாமை வெளிப்படும் வாய்ப்பு கூடுதல். அண்மையில்தான் ஒருமுறை தடிப்பு வந்திருக்கிறது. எனவே நிக்காஹ் முடியும்வரை, அவர் வழக்கமாகக் குடிக்கும் தேநீரைத் தவிர, பாலும் நெய்யும் மிகுந்த இனிப்புகளைத் தள்ளிவைப்பது நல்லது. நெய்யைக் காய்ச்சி எடுப்பதால் அதில் எதுவுமே இருக்காது என்று சொல்பவர்கள் உண்டு. அதை நம்பி நெய்க்கு மட்டும் விலக்கு அளிக்காதீர்கள்; நெய்யையும் பாலின் கணக்கிலேயே வையுங்கள்.

கடல்பாசியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியில் மிகவும் கவனமாகப் பதில் சொல்ல வேண்டிய பகுதி அதுதான். நம் கரைக்கே உரிய பகுதியும் அதுதான். நோன்பு மாதத்தில் உங்கள் வீட்டில் காய்ச்சும் கடல்பாசி, அதாவது சைனா கிராஸ், அகர் என்னும் பொருள். சின்ன ஏர்வாடி, களிமண்குண்டு போன்ற ஊர்களின் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மன்னார் வளைகுடாவில் மூழ்கிப் பறித்துவரும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகர் தருபவை. மதுரைப் பக்கத்து ஆலைகளுக்குப் போய் அவை வெள்ளை இழைகளாகவும் பொடியாகவும் மாறுகின்றன. இது தாவர வகை. இதில் விலங்குப் பொருள் எதுவும் இல்லை. ஜெலட்டினுக்குப் பதிலாக ஆல்பா-கேல் நோயாளிகளுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதும் அகர்தான்.

ஆனால் நம் கடலில் வளரும் இன்னொரு பாசி உண்டு. மண்டபம், இராமேசுவரம் பக்கத்துப் பாக் விரிகுடாக் கரையில் மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்க்கிறார்களே, அந்தக் கப்பாஃபைகஸ் பாசி. அதிலிருந்து எடுப்பது அகர் அன்று, காராகீனன். ஐஸ்கிரீமைக் கட்டியாகாமல் வைக்கவும், பெட்டிப் பாலைத் திரியாமல் வைக்கவும், சைவ ஜெல்லியை உறையவைக்கவும் உலகம் முழுவதும் பயன்படுத்துவது அதைத்தான். காராகீனனின் சர்க்கரைச் சங்கிலியில், பாலூட்டிகளின் ஆல்பா-கேலில் உள்ள அதே வகையான பிணைப்பு இருக்கிறது. பாசியிலிருந்து வந்ததாயிருந்தும், ஆல்பா-கேல் நோயாளிகள் கவனிக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் காராகீனனையும் சேர்த்திருப்பதற்குக் காரணம் அதுவே. அகரில் அந்த இடத்தில் இருப்பது கேலக்டோஸ் என்னும் சர்க்கரையின் கண்ணாடிப் பிம்ப வடிவம் என்பதால் அதற்கு அந்தச் சிக்கல் இல்லை. காராகீனன் எல்லா நோயாளிகளையும் தாக்குவதில்லை. சிலரை மட்டும் தாக்குகிறது. உங்கள் காக்கா எந்தப் பக்கம் என்று தெரியாத நிலையில், கல்யாணக் கூட்டத்தில் அதைக் கண்டறிய வேண்டியதில்லை.

கடையில் இதை எப்படிப் பிரித்தறிவது? உட்பொருள் பட்டியலில் எண்களைத் தேடுங்கள். 406 என்பது அகர், எடுத்துக்கொள்ளலாம். 407 என்பது காராகீனன், வைத்துவிடுங்கள். 440 என்பது பழத்திலிருந்து எடுக்கும் பெக்டின். 410, 412 இரண்டும் விதைகளிலிருந்து எடுக்கும் பசைகள். இவை மூன்றும் பாலூட்டியோடு தொடர்பில்லாதவை. ஜெலட்டின் சில பெட்டிகளில் பெயராகவும் சிலவற்றில் 428 அல்லது 441 என்ற எண்ணாகவும் வரும். பச்சை வட்டம் போட்ட ஜெல்லிப் பொடிகளில் பெரும்பாலும் 407 இருப்பதைக் காண்பீர்கள். சைவம் என்று நம்பி வாங்கும் புட்டிங் பொடியிலும் அப்படியே. கடல்பாசி என்ற பெயரில் விற்கும் கலவைப் பொட்டலத்தை வாங்காமல், வேறு எதுவும் கலக்காத அகர் இழையை வாங்குங்கள். அதைப் பசும்பாலில் காய்ச்சாமல் இளநீரிலோ தேங்காய்ப்பாலிலோ காய்ச்சுங்கள். இளநீரில் காய்ச்சி வழுக்கையைக் கீறிப் போட்ட கடல்பாசியை விருந்தினர் எல்லோருக்குமே வைக்கலாம். காக்காவுக்கென்று தனித்தட்டு தேவைப்படாது.

471 என்ற எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. எண்ணெயும் நீரும் பிரியாமல் சேர்ந்திருக்க, கொழுப்பிலிருந்து செய்து சேர்க்கும் பொருள் அது. கொழுப்பு தாவரத்தினதாகவும் இருக்கலாம், விலங்கினதாகவும் இருக்கலாம். பச்சை வட்டத்தோடு வந்தால் கவலை வேண்டாம். வெளிநாட்டுப் பெட்டியில் தாவர வகை என்று எழுதாமல் 471 மட்டும் இருந்தால் விட்டுவிடுவது நல்லது. சிவப்பு நிறத்துக்குச் சேர்க்கும் 120, மிட்டாய்க்குப் பளபளப்பு தரும் 904 ஆகியவை பூச்சிகளிலிருந்து வருபவை. மார்க்க அடிப்படையில் அவற்றை நீங்கள் விலக்கலாம், இந்த ஒவ்வாமைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. மீன் ஜெலட்டின் என்று தெளிவாக எழுதியிருந்தால், மீன் ஒத்துக்கொள்ளும் உங்கள் காக்காவுக்கு அதுவும் சிக்கல் தராது.

பேக்கரி கேக்கின் மேல் பூசும் வெள்ளைக் கிரீம் நெடுநாளாக என்னை உறுத்தும் பொருள். பால் இல்லாத கிரீம் என்று கடைக்காரர் நல்லெண்ணத்தோடுதான் சொல்வார். டப்பாவின் பட்டியலில் தாவரக் கொழுப்போடு சோடியம் கேசினேட் என்னும் பால் புரதமும் பல நேரங்களில் இருக்கும். பழத்துண்டுகளின் மேல் கண்ணாடிபோல் மின்னும் பூச்சிலும், அடுப்பில் வேகவைக்காமல் குளிரவைத்து உறையச்செய்யும் சீஸ் கேக், மூஸ் வகைகளிலும் ஜெலட்டின் இருக்கலாம். டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கும் கடையில் அவருக்காக எதையும் வாங்காதீர்கள். ஐஸ்கிரீமில் பாலும் உண்டு, பலவற்றில் 407-உம் உண்டு. ஃப்ரோசன் டெசர்ட் என்று விற்பவற்றில் பால் கொழுப்புக்குப் பதில் தாவரக் கொழுப்பு இருந்தாலும் பால் திடப்பொருள் இருக்கும். வரவேற்பு விருந்தின் ஃபலூடாவில் பால், ஐஸ்கிரீம், ஜெல்லி மூன்றும் சேர்ந்தே வருகின்றன. அதை அவருக்கு வைக்கவே வேண்டாம்.

வீட்டு இனிப்புகளுக்கு வருகிறேன். தொதலின் அடிப்படை அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி அல்லது சீனி, முந்திரி. கிண்டக் கிண்டத் தேங்காய் எண்ணெயே பிரிந்து வருவதால் நெய் இன்றியும் அது நன்றாக வரும். ஆனால் மணத்துக்காகக் கடைசியில் நெய் ஊற்றும் கைகள் உண்டு. துண்டு போடும் தட்டில் நெய் தடவும் கைகளும் உண்டு. இரண்டுக்கும் தேங்காய் எண்ணெயே போதும். வட்டலப்பத்தில் முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி, ஏலக்காய் இருப்பதோடு நின்றால் அவருக்கு அதைவிட நல்ல விருந்து இனிப்பு இல்லை. இப்போது பலர் கெட்டிப்பட வேண்டும் என்று டின் பாலும் பால்பொடியும் சேர்க்கிறார்கள், அது மட்டும் கூடாது. கருப்பட்டிக்குச் சாயல்குடிப் பக்கம் போனால் நல்லதாகக் கிடைக்கும். ஓட்டுமாவிலும் நெய்தான் கவனிக்க வேண்டியது. கடையில் விற்கும் தேங்காய்ப்பால் பொடியில் கேசினேட் இருக்கலாம் என்பதால் விருந்துக்குத் தேங்காயைத் துருவியே பால் எடுங்கள்.

பொரிக்கும் பணியாரம் மாவால் பிழையாவதில்லை, எண்ணெயால் பிழையாகும். கறி சமோசா பொரித்த வாணலியில், அதே எண்ணெயில், அடுத்ததாகப் பணியாரத்தைப் போடுவது கல்யாணச் சமையலில் மிகச் சாதாரணம். சமையல்காரரான பண்டாரியிடம் முன்கூட்டியே பேசி, இனிப்பை முதலில் புதிய எண்ணெயில் பொரித்து எடுத்துவிட்டுப் பிறகு கறி வகைகளைப் பொரிக்கச் சொல்லுங்கள். கிண்டும் சட்டுவமும் கரண்டியும் இனிப்புக்குத் தனியாக இருக்கட்டும். உங்கள் ஊர் விருந்தில் நான்கைந்து பேர் சகன் என்னும் ஒரே பெரிய தட்டைச் சுற்றி அமர்ந்து சாப்பிடுவீர்கள். நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் கலந்த கைகள் அதே சகனில் இனிப்பையும் எடுக்கும். அந்த வழக்கத்தின் அன்பை நான் அறிவேன். அதிலிருந்து விலக்கி அவரை ஒரு மூலையில் தனியே அமர்த்துவதை நான் விரும்பவில்லை. மீன் அல்லது கோழி வைத்த ஒரு சகனை ஏற்பாடு செய்து, நிலைமை தெரிந்த உறவினர் நால்வரை அவரோடு அமர்த்துங்கள். வட்டலப்பமும் இளநீர்க் கடல்பாசியும் அந்தச் சகனுக்கு வரட்டும்.

விருந்து பெரும்பாலும் இரவில் நடக்கும் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். அன்றிரவு அவர் தனி அறையில் படுக்க வேண்டாம். வெறும் தடிப்பும் அரிப்பும் மட்டும் இருந்தால் மருத்துவர் எழுதிக்கொடுத்த அரிப்பு மாத்திரையைக் கொடுத்துக் கவனிக்கலாம். மூச்சுத் திணறல், குரல் அடைப்பு, தலைசுற்றி விழுதல், தடிப்போடு சேர்ந்து அடங்காத வாந்தி ஆகியவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நம்பிக் காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். அந்நிலையில் உயிர் காக்கும் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அதை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டுமா, யார் போட வேண்டும் என்பதை ஒவ்வாமை மருத்துவரிடம் நிக்காஹுக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மருத்துவமனைக்குப் போகும்போது அவர் சட்டைப்பையில் ஒரு சீட்டு இருக்க வேண்டும்: பாலூட்டிப் பொருள்களுக்கு, ஆல்பா-கேலுக்கு, ஜெலட்டினுக்கு ஒவ்வாமை என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியது. பல மருந்துக் குளிகைகளின் கூடு ஜெலட்டினால் ஆனது. இரத்த அழுத்தம் இறங்கும்போது ஏற்றும் சில திரவங்களிலும் ஜெலட்டின் உண்டு. ஹெப்பரின் என்னும் மருந்து பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுவது. இவற்றில் எதைத் தவிர்ப்பது, எதைத் தவிர்க்க முடியாமல் கண்காணிப்போடு கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். அவருக்கு அந்தச் செய்தி முதல் நிமிடத்திலேயே தெரிந்திருக்க வேண்டும்.

ஆட்டுக் கொட்டகைப் பக்கமும் புதர்க் காடுகளிலும் நடமாடும்போது முழுக்கால் சட்டையும் மூடிய செருப்பும் அணியச் சொல்லுங்கள். மறுபடி உண்ணி கடித்தால் ஒவ்வாமைப் புரதத்தின் அளவு ஏறக்கூடும். கடிக்காமல் ஆண்டுகள் கழிந்தால் பலருக்கு அது இறங்கிவருகிறது. அதனால் இன்று தள்ளிவைத்த பாலாடையையும் நெய்யையும் பற்றி, மருத்துவர் சொல்லும் கால இடைவெளியில் இரத்தப் பரிசோதனை செய்துபார்த்து மறுபடியும் அவரிடமே கேளுங்கள்.